அவர் பெயரில் ஒரு மறுப்பு

பள்ளிக்கூட அலுவலகச் சன்னலுக்குப் பின்னால் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு ‘ஆஃபீஸ் அக்கா’ என்ற பெயர் வந்தது. பிள்ளைகள் வைத்த பெயர். மாற்றுச் சான்றிதழ், தொலைந்த அடையாள அட்டை, வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போக அனுமதிச் சீட்டு, எதுவானாலும் அந்தச் சன்னலில்தான் வந்து நிற்க வேண்டும். அவள் குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தில் பாதி வீட்டுப் பிள்ளைகளுக்கு அதே பள்ளிக்கூடம். அதனால் அந்தப் பெயர் அவளோடு படியேறி வீட்டுக்கும் வந்துவிட்டது. நல்ல மனநிலையில் இருந்தால் அவள் புருஷனே, “ஆஃபீஸ் அக்கா, ஒரு டீ கிடைக்குமா?” என்று சன்னலில் நிற்கிற பையன் மாதிரி கேட்பார்.

அவர் பாய்லர்காரர். அட்டைப்பெட்டி செய்யும் ஆலையில் இருபத்திரண்டு வருடம் கொதிகலன் ஓட்டியவர். பெருமையடித்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த வேலையில் தன்னை யாரும் அசைக்க முடியாது என்பதில் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அடுப்பில் இருக்கும் குக்கரின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “கேஸ்கட் போகப்போகுது, மாத்திடு” என்பார். அடுத்த வாரம் அது போகும்.

ஆலை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூடப்பட்டது. முதல் பத்து நாள் அவர் தெரிந்த ஆலைகளின் வாசலில் எல்லாம் போய் நின்றார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“கேட்டைத் தாண்டி விட மாட்டேங்கிறான். வெப்சைட்ல போடுங்கங்கிறான். இருபத்திரண்டு வருஷத்த நான் எந்த வெப்சைட்ல கொண்டு போய்ப் போடுறது?”

“நான் போடுறேன், விடுங்க,” என்றாள்.

மகளின் பழைய லாப்டாப்பை அவர் முன் வைத்துப் பார்த்தாள். அவர் விரலுக்கு அந்தப் பொத்தான்கள் போதவில்லை. ஓரிடத்தில் வைத்தால் மூன்று எழுத்து விழுந்தது. “இந்தச் சனியன் எனக்கு வராது. மெயில், பாஸ்வேர்டு, எல்லாத்தையும் நீயே வச்சுக்க. எனக்கு எங்க, எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லு,” என்று எழுந்துவிட்டார்.

அப்படித்தான் அவருடைய வேலை தேடும் வேலை அவள் கைக்கு வந்தது.

வேலை தேடித் தரும் இணையதளத்தில் அவர் பெயரில் கணக்கு தொடங்கினாள். ஒவ்வொரு கட்டமாக வாசித்துக் கேட்டாள்.

“பணிக்காலத்தில் உங்கள் முக்கியமான சாதனை என்னன்னு கேக்குது.”

“வெடிக்கலன்னு போடு.”

“விளையாடாதீங்க.”

“நிஜமாத்தான். பாய்லர்காரனுக்கு வேற என்ன சாதனை?”

யோசித்துப் பார்த்தபோது அவர் சொன்னது சரிதான் என்று பட்டது. ‘இருபத்திரண்டு ஆண்டுகள், ஒரு விபத்துகூட இல்லை’ என்று எழுதினாள். அந்த வரியைப் பெயருக்குக் கீழே முதல் வரியாக வைத்தாள்.

முதலில் எல்லாம் தப்பாகத்தான் போனது. பாய்லர் என்று தேடச் சொன்னால் அந்தத் தளம் பிராய்லர் கோழிப் பண்ணை வேலைகளாக அனுப்பியது. தினமும் காலையில் ஏழெட்டுக் கோழிப் பண்ணை. “அங்கேயும் சூட்டுல நிக்கிற வேலைதான்,” என்று அவர் சிரித்தார். அவள் விடவில்லை. ஒரே வேலையை ஒரு கம்பெனி ஸ்டீம் ஆபரேட்டர் என்கிறது, இன்னொன்று யுட்டிலிட்டி டெக்னீஷியன் என்கிறது என்று கண்டுபிடித்தாள். மூன்று பக்க பயோடேட்டாவை ஒரு பக்கமாக்கினாள். விளம்பரத்தில் அவர்கள் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்களோ அதே சொல்லை விண்ணப்பத்திலும் போட்டால்தான் கம்ப்யூட்டர் அதை மனிதர் கண்ணுக்குக் காட்டும் என்பதை ஒரு வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டாள். முன்பணம் கேட்கும் போலி விளம்பரங்களை முகர்ந்தே ஒதுக்கப் பழகினாள். ஒரு நோட்டில் கம்பெனி, தேதி, பதில் என்று கோடு போட்டு எழுதி வந்தாள். உள்ளபடி சொன்னால் அவளுக்கு அது பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ எழுதித் தந்ததைப் படியெடுப்பதுதான் அவள் வேலை. இங்கே யோசிப்பது அவளாக இருந்தது.

இரண்டு மாதத்தில் ஒரு பால்பவுடர் தொழிற்சாலையிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பதிலே வராது என்று நினைத்து எண்ணிக்கைக்காக அனுப்பியவற்றில் ஒன்று. ஊர் தூரம். காலையில் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் போய்ச் சேரலாம். நேர்காணல் வீடியோவில்.

அன்று அவள் அரைநாள் விடுப்பு எடுத்தாள். இரண்டு அட்லஸ் புத்தகத்தை அடுக்கி அதன்மேல் லாப்டாப்பை வைத்தாள். அவருக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, மேசைக்கு அடியில் பழைய பைஜாமா. அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். இவர் நிதானமாகச் சொன்னார்.

“கண்ணாடிக் குழாய்ல தண்ணி மட்டம் தெரியல. முதல்ல என்ன செய்வீங்க?” என்றது ஒரு குரல்.

“நெருப்ப நிறுத்துவேன். தண்ணி ஏத்த மாட்டேன்.”

“ஏன் ஏத்த மாட்டீங்க? தண்ணிதானே இல்ல?”

“காஞ்சு கிடக்கிற குழாய்ல பச்சைத் தண்ணி பட்டா அப்புறம் நீங்க என்கிட்ட கேள்வி கேக்க முடியாதுங்க. நான் இருக்க மாட்டேன்.”

அந்தப் பக்கம் சிரித்தார்கள். “சரி, சொல்லி அனுப்புறோம்,” என்றார்கள்.

ஒரு வாரம் அவர் ராஜா மாதிரி இருந்தார். “கிடைச்சிடும். கிடைச்சா கிளம்பிட வேண்டியதுதான்,” என்றார். அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. வேலை தேடியதே அவள்தானே.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கடிதம் வந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தபோது மெயிலைத் திறந்தாள். சன்னலுக்கு வெளியே ஒரு தாய் கையெழுத்துக்காகக் காத்திருந்தாள். ‘தங்களை மூத்த பாய்லர் ஆபரேட்டராக நியமிப்பதில் மகிழ்ச்சி.’ அவர் கேட்டது சாதாரண ஆபரேட்டர் வேலை. அவர்களாக ஒரு படி ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். மூன்று நாளுக்குள் இணையத்தில் பதில் தர வேண்டும்.

அவள் கடிதத்தை மூடினாள். கையெழுத்துப் போட்டுத் தாளைச் சன்னல் வழியாகத் தள்ளினாள்.

அந்த வாரம்தான் தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு, “அடுத்த மாசம் நிர்வாகக் கூட்டம். உங்க பேரை வச்சிருக்கேன்,” என்று சொல்லியிருந்தார். பதினோரு வருடத் தற்காலிகம் நிரந்தரமாகப் போகிறது. மகளுக்கு அடுத்த வருடம் பொதுத்தேர்வு. இவை எல்லாம் இருந்தன. இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அவளுடைய அப்பா கட்டுமான மேஸ்திரி. வேலை எங்கே உண்டோ அங்கே குடும்பம். ஒன்பது வருடத்தில் ஆறு பள்ளிக்கூடம். ஒவ்வொன்றிலும் முதல் நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது பெயர் கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்த சிறுமி இன்னும் அவளுக்குள் இருந்தாள். இனி மூட்டை கட்ட மாட்டேன் என்று அவள் எப்போதோ தனக்குள் முடிவு செய்திருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அந்த ஊர்ல குளிர் ஜாஸ்தியாம்மா. விசாரிச்சேன். பாப்பாவுக்கு நல்ல ஸ்வெட்டரா ஒண்ணு பாக்கணும்,” என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து ‘நான் வரவில்லை’ என்று சொல்ல அவளுக்குத் துணிவில்லை. ‘போகலாம்’ என்று சொல்லவும் மனமில்லை. “வெங்காயம் போதும்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு, கடிதத்தில் இருந்த இணைப்பைத் திறந்தாள். ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று இரண்டு பொத்தான்கள். மறுக்கிறேன் என்பதை அழுத்தினாள். அது உடனே விட்டுவிடவில்லை. காரணம் கேட்டது. கீழே ஒரு பட்டியல் விரிந்தது. அதில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள். ‘தங்கள் முடிவை மதிக்கிறோம்’ என்று திரை சொன்னது. மெயிலை அழித்தாள். அழித்தவை கிடக்கும் பெட்டியையும் காலி செய்தாள். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு வாய் வைக்க முடியாமல் மூடினாள்.

சாயங்காலம் அவர் வாசலிலேயே கேட்டார். “ஏதாவது வந்துச்சா?”

“வரல,” என்றாள்.

அந்த ஒரு சொல்லை அடுத்த ஒரு மாதம் அவள் தினமும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் நாள் செருப்பைக் கழற்றக் குனிந்துகொண்டே சொன்னாள். பத்தாவது நாள் தானாக வந்தது. தானாக வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

வேறு வேலை தேடித் தந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். பக்கத்திலேயே, பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில். முன்னைவிட இரண்டு மடங்கு விண்ணப்பம் அனுப்பினாள். ஆனால் அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று வீட்டுக்குள் நடக்கத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பரணிலிருந்து பழைய பாய்லர் தேர்வுப் புத்தகத்தை இறக்கினார். தூசி தட்டி மேசையில் விரித்தார்.

“தண்ணி மட்டம் தெரியலன்னா நெருப்ப நிறுத்தணும், தண்ணி ஏத்தக் கூடாது. அத சொல்லிட்டேன். மெயின் ஸ்டீம் வால்வ மூடணும்னு சொன்னேனா? நீ கதவுகிட்டதானே நின்ன?”

அவர் அதைச் சொல்லவில்லை. சொல்வதற்குள் அவர்கள் சிரித்துவிட்டார்கள். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

“சொன்னீங்கன்னுதான் நினைக்கிறேன்.”

“நினைக்கிறேன்னா? சொல்லலன்னு அர்த்தம். இவ்வளவு வருஷம் ஓட்டினவன் அதச் சொல்லலன்னா எவன் எடுப்பான்?”

“அப்படியெல்லாம் இல்லங்க. நிறையக் கம்பெனி பதிலே போட மாட்டாங்க. எல்லாருக்கும் அப்படித்தான்.”

“பதில் போடாம இருக்கிறதுக்கும் ஒரு காரணம் இருக்கும்ல,” என்றார்.

அன்றிலிருந்து அந்தப் புத்தகம் மேசையை விட்டு இறங்கவில்லை. தெரிந்ததை எல்லாம் மறுபடி படித்தார். படிக்கப் படிக்கக் குழம்பினார். இரவும் பகலும் கைப்பழக்கத்தில் செய்தவற்றை வரிசை போட்டுச் சொல்லிப் பார்த்தால் தடுக்கியது. அடுப்படியில் குக்கர் கூவினால் முன்போல எதுவும் சொல்வதில்லை. தலையைக்கூடத் தூக்குவதில்லை. அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு மெதுவாக உறைத்தது. வேலை போனால் இன்னொரு வேலை. இது அப்படியில்லை.

அடுத்த நேர்காணல் ஒரு கண்ணாடிப் பாட்டில் ஆலையில், பக்கத்து ஊர். அவள் தேடிப் பிடித்ததுதான். அதே அட்லஸ், அதே சட்டை. முதல் கேள்வி எளிது. அவர் வாயைத் திறந்தார், மூடினார், “இன்னொரு தரம் கேளுங்க,” என்றார். இன்னொரு தரம் கேட்டார்கள். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரண்டு நாளில் மெயில் வந்தது. ‘தற்போது தேர்வு செய்ய இயலவில்லை.’ இந்த மறுப்பு நிஜமானது. அதை அவருக்கு வாசித்துக் காட்டும்போதே, இதையும் நான்தான் எழுதினேன் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த மாதம் அவளுக்கு நிரந்தர ஆணை வந்தது. மூன்று நாள் கைப்பையிலேயே வைத்திருந்தாள். மகள் எதற்கோ பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கூவினாள். அவர் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய் ஒரு கேக் வாங்கி வந்தார்.

“வீட்ல ஒருத்தருக்காவது நல்லது நடந்துச்சே,” என்று அவரே வெட்டி அவள் கையில் கொடுத்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டு துண்டு சாப்பிட்டாள். அட்டையைத் தின்பது போலிருந்தது.

இதற்கிடையில் அவள் கெட்டிக்காரத்தனம் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. மூன்றாம் மாடி நர்ஸுக்கு அவள் எழுதிய விண்ணப்பத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. லிஃப்ட் மெக்கானிக்கின் தம்பிக்கு ஒரு பயிற்சி வகுப்பைத் தேடிக் கொடுத்தாள். அதை முடித்து அவன் வேலைக்குப் போனான். சாயங்காலமானால் யாராவது போனையும் சான்றிதழ்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“அக்கா, உங்க கை ராசியான கை,” என்றாள் நர்ஸ், ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து.

“ஆமாம்மா,” என்றார் பாய்லர்காரர் நாற்காலியிலிருந்தபடியே. “அவ கைக்கு ராசி உண்டு. எனக்குத்தான் இல்ல.” குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படியே நம்பித்தான் சொன்னார். அவள் பழங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அவர் ஒரு கிடங்கில் வாசல் காவலுக்குப் போகத் தொடங்கினார். வருகிற லாரி எண்ணை எழுத வேண்டும், போகிற லாரி எண்ணை எழுத வேண்டும். நீல நிறச் சட்டை கொடுத்தார்கள். குறை ஒன்றும் சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

இப்படி எட்டு மாதம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் மேசைக்கு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“அந்த வெப்சைட்ல என் பேருக்குக் கீழ பாய்லர் ஆபரேட்டர்னு இருக்குல்ல, அத எடுத்துடு. செக்யூரிட்டின்னு போடு. அடுத்த மாசம் பாய்லர் லைசென்ஸ் புதுப்பிக்கணும்னு வருதே, அதையும் விட்டுடு.”

“எதுக்கு? அது இருக்கட்டுமே.”

“இருந்து என்ன? எவனாவது நம்பிக் கூப்பிட்டு, நான் தப்பா ஏதாவது பண்ணிட்டா? நாலு பேர் உயிர் போயிடும். எனக்கு அந்த வேலை மறந்துபோச்சும்மா.”

“துணி எடுத்துட்டு வரலாம், வாங்க,” என்று அவள் மொட்டைமாடிக்கு ஏறினாள். மகள் வீட்டில் இருந்தாள். அவளுக்கு முன்னால் சொல்லக் கூடாது என்று நினைத்தாள்.

கொடியிலிருந்து போர்வையை எடுத்து ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடிக்கத் தொடங்கினார்கள்.

“என்னங்க, அந்தப் பால்பவுடர் ஃபேக்டரிலேர்ந்து லெட்டர் வந்துச்சு.”

அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. “எப்போ? இன்னைக்கா?”

அந்த மலர்ச்சியை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

“இல்ல. அப்பவே. நேர்காணல் முடிஞ்சு ஒரு வாரத்துல. உங்கள எடுத்துட்டோம்னு. நான்தான்... நான் வேணாம்னு போட்டுட்டேன். உங்க பேர்ல.”

காற்றில் போர்வை உப்பியது. அவர் முனையை விடவில்லை.

“வேணாம்னா?”

“எனக்கு இங்கேர்ந்து போக மனசில்ல. உங்ககிட்ட சொல்லவும் தைரியமில்ல. வேலை நிரந்தரமாகப் போகுதுன்னு சொன்னாங்க. பாப்பா படிப்பு. என்ன சொன்னாலும் சாக்குத்தான். தப்பு பண்ணிட்டேன். தினம் தினம் உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

“லெட்டர்ல என்ன வேலைன்னு போட்டிருந்துச்சு?” என்று கேட்டார்.

“மூத்த ஆபரேட்டர்.”

“சீனியரா?”

“ஆமா.”

“நாம கேட்டது ஆபரேட்டர்தானே.”

“அவங்களா ஏத்திக் கொடுத்திருந்தாங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அப்போ நான் சொன்னது சரிதான்,” என்றார். அவளிடம் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டார். “வால்வ சொல்லலன்னாலும் அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு.”

போர்வையை அவரே முழுதாக மடித்து அவள் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அன்று கத்தவில்லை. மறுநாளும் இல்லை. செவ்வாய்க்கிழமை, அவள் வழக்கம்போல லாப்டாப்பைத் திறந்தபோது வெடித்தது.

“மூடு அத! என் பேர்ல இருக்கிறதுக்குப் பாஸ்வேர்டு உன்கிட்ட எதுக்கு? நான் குருடனா? கையில்லாதவனா? எட்டு மாசம்! எட்டு மாசம் நான் புத்தகத்த வச்சுக்கிட்டு பைத்தியக்காரன் மாதிரி உக்காந்திருந்தேன். நீ பக்கத்துலயே உக்காந்து பயறு பொறுக்கிக்கிட்டிருந்த. ஒரு நாள், ஒரு நாள் உனக்குச் சொல்லணும்னு தோணலையா?”

“தினமும் தோணிச்சு,” என்றாள்.

“அது இன்னும் மோசம்,” என்றார்.

மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். அவர் வெளியே போன பிறகு அம்மாவின் அருகே வந்தாள். “உன் படிப்புக்காகவும்தான்...” என்று இவள் தொடங்கியதை மகள் முடிக்க விடவில்லை.

“என்னைச் சாக்குக்கு இழுக்காதம்மா. என்கிட்ட யாராவது கேட்டீங்களா? அப்பா அந்தப் புத்தகத்தப் படிச்சத நானும்தான் தினம் பாத்தேன். எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா?”



அந்த வாரம் அவள் பால்பவுடர் தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதினாள். அடுத்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் எழுதித் தருகிறவளுக்கு அந்த ஐந்து வரி எழுத நான்கு நாள் ஆனது. ‘அந்த மறுப்பைத் தெரிவித்தது விண்ணப்பதாரர் அல்ல; அவருக்குத் தெரியாமல் அவர் மனைவியாகிய நான்’ என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் கை நின்றது. பதில் இரண்டு வரியில் வந்தது. அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது. தகவலைப் பதிவில் குறித்துக்கொள்கிறோம். அதை அச்செடுத்து அவரிடம் நீட்டினாள்.

படித்துவிட்டு மேசையில் வைத்தார். “இத எதுக்கு எனக்குக் காட்டுற? எனக்கு ஆறுதலுக்கா, உனக்கு ஆறுதலுக்கா?”

உண்மை அவருக்குத் தெரிந்தேயிருந்தது. அவள் தாளை எடுத்துக்கொண்டாள்.

அவர் லைசென்ஸைப் புதுப்பித்தார். அதுவும் தானே, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால். பாஸ்வேர்டை மாற்றினார். கிடங்கில் வார விடுமுறை நாளில் பொது நூலகத்துக்குப் போய் அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். எங்கே விண்ணப்பிக்கிறார், யார் கூப்பிட்டார்கள், எதுவும் வீட்டில் சொல்வதில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கும் உரிமையைத் தானே தொலைத்துவிட்டதாக நினைத்தாள். ஒரு நாள் நூலகத்திலிருந்து திரும்பியவர் மகளிடம் மட்டும், “இன்னும் அந்தக் கோழிப் பண்ணைக்காரன் என்னை விட மாட்டேங்கிறான் பாப்பா,” என்றார். மகள் சிரித்தாள். சமையலறையில் இருந்த இவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

பத்து வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை சாப்பிடும்போது சொன்னார். “திங்கக்கிழமை சேரணும். பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு, ரெண்டு பாய்லர். இங்கேர்ந்து மூணு மணி நேரம். அங்கேயே அறை தர்றாங்க. சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை போவேன்.”

“நேர்காணல் எப்படி...” என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

“நேர்லயே கூப்பிட்டாங்க. பாய்லர் முன்னால நிக்க வச்சுக் கேட்டாங்க. நல்லா சொன்னேன்,” என்றார்.

அவள் அவர் பெட்டியில் துணிகளை அடுக்கிக் கொடுத்தாள். அவர் தடுக்கவில்லை.

இப்போதும் சாயங்காலம் அவளைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். அவள் சொல்லித் தருகிறாள், திருத்துகிறாள். ஆனால் யாருடைய பாஸ்வேர்டையும் கேட்பதில்லை. சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்கிறாள். எவ்வளவு தடுமாறினாலும் அவரவரே தட்ட வேண்டும், அவரவரே அனுப்ப வேண்டும். “அக்காவுக்கு முன்ன இருந்த பொறுமை இல்ல,” என்று கட்டடத்தில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அவள் திருத்தவில்லை. காரணம் சொல்வதானால் முழுதாகச் சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவர் வந்திருந்தபோது, சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தவரிடம் கேட்டாள்.

“என்னை மன்னிச்சிட்டீங்களா?”

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “தெரியலம்மா. வேலை நல்லா இருக்கு. ராத்திரி தூக்கம் வருது. அது வரைக்கும் தெரியும்.”

அவள் தலையசைத்தாள். அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. பிறகு, அந்த வாரம் முழுக்க மனதில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

“அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு ஸ்கூல். ஆஃபீசுக்கு ஆள் வேணும்னு ஆன்லைன்ல போட்டிருக்காங்க. தற்காலிகம்தான். நான் இன்னும் ஒண்ணும் பண்ணல. உங்ககிட்ட கேட்டுட்டு...”

“நிரந்தரத்த விட்டுட்டா?”

“ம்.”

“எனக்குத் தண்டம் கட்டுறதா நினைச்சு வராத. அப்படி வந்தா ரெண்டு பேருக்கும் நல்லதில்ல.”

“அது கொஞ்சம் இருக்கு,” என்று ஒப்புக்கொண்டாள். “இல்லன்னு சொன்னா பொய். ஆனா அது மட்டும் இல்ல. நீங்க இல்லாம வீடு நல்லால்ல.”

அவர் அவளைப் பார்த்தார். மொட்டைமாடிக்குப் பிறகு முதல்முறையாக நேராகப் பார்த்தார் என்று அவளுக்குத் தோன்றியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பாப்பாவக் கூப்பிடு,” என்றார். “மூணு பேருமா உக்காந்து பேசலாம். கடைசி தேதி என்னைக்குன்னு போட்டிருக்கான்?”

“இருபதாம் தேதி.”

“நாள் இருக்கு,” என்றார்.

அவள் எழுந்து மகளின் அறைக் கதவைத் தட்டப் போனாள்.